மேற்குத் தொடர்ச்சி மேகம்

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலை எந்தத் திக்கில் இருக்கிறது என்று மறந்து போகுமா? எனக்கு மறந்தது. மறந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழைய படம் ஒன்றில் இருந்த மலையை மேகமாக்கி, அதன் அடியில் கொஞ்சம் சாம்பல் நீலம் தடவி, 'கார்காலக் கோவை, 1900' என்று தலைப்பும் போட்டு, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் அனுப்பி வைத்தேன். "சூப்பர் மாமா", "அருமைங்ண்ணா" என்று பதில்கள் வந்து குவிந்தன. குடும்பத்தில் ஒருத்தருக்கும் மலை காணாமல் போனது தெரியவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஓர் ஆறுதல் உண்டு.

படம் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். முன்னால் குளம். கரையோரம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாலை, ரம்பப்பல் கூரையோடும் ஒற்றைச் சிம்னியோடும். தண்ணீருக்கு மேலே ஒரு கரைமேடு, அதன்மீது நீளமாக, மங்கலாக ஏதோ ஒன்று போகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் வானத்தோடு கலந்தும் கலக்காமலும் ஒரு மேடுபள்ளக் கோடு. முன்பக்கக் கரையில் சட்டை போட்ட ஒரு ஆள், போட்டோ எடுப்பவரை நம்பாத மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறார். பின்பக்கம் திருப்பினால் ஊர் இல்லை, பேர் இல்லை, வருஷம் இல்லை. துருக்கறை மட்டும் இருந்தது.

நமக்குக் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. பம்பாய்க்காரர்களும் கல்கத்தாக்காரர்களும் கப்பல் துறையையும் ஆற்றங்கரை ஆலைகளையும் படம் காட்டிப் பெருமை பேசும்போது, கோயமுத்தூர்க்காரன் காட்டுவதற்கு இருப்பது குளம்தான். வெள்ளிங்கிரி மலையில் புறப்படுகிற நொய்யல், காவிரியில் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ குளங்களை நிரப்பிவிட்டுப் போகிறது. கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று வரிசை நீளும். ஆலைகள் முளைத்தது இந்தக் குளங்கள் இருந்த ஊரில். ஆகவே என் கையில் இருப்பது சாதாரணப் படமில்லை, தென்னிந்திய மான்செஸ்டரின் பிறப்புச் சான்றிதழ் என்று முடிவு கட்டினேன்.

1900 என்று எப்படி வந்தது? அதற்கு ஒரு தர்க்கம் வைத்திருந்தேன். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் ஊரின் முதல் பஞ்சாலை. ஸ்டேன்ஸ் மில் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் புரியும். அந்தக் காலத்து ஆலை ஓடியது நீராவியில். நீராவி என்றால் பாய்லர், பாய்லர் என்றால் சிம்னி. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி மலிவாகக் கரண்டு இறங்கிய பிறகுதான் ஆலைகள் மழைக்காளான் போல் பெருகின. கரண்டில் ஓடுகிற ஆலைக்குச் சிம்னி எதற்கு? ஆகவே சிம்னி இருக்கிற படம் பைக்காராவுக்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்று கேட்டால், என் பெருமைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு முந்தியது.

எதிர்வீட்டில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணா இருக்கிறார். படத்தைக் காட்டினேன். சிம்னியைப் பார்க்கவே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தின் ஓரத்தில் விரல் வைத்தார்.

"இது என்னுங் தம்பி?"

"பனைமரம்ங்ண்ணா." பச்சை அடித்து வைத்திருந்தேன்.

"பனைமரத்துல பீங்கான் கப்பு காய்க்குமுங்களா? மூணு கம்பி ஓடுது பாருங்க."

கரண்டு கம்பம். அதோடு 1900 போயிற்று, 'பைக்காராவுக்கு முந்தி' என்பதும் போயிற்று. கட்டிய சிம்னியைக் கரண்டு வந்த அன்றைக்கே எவனும் இடித்துத் தள்ள மாட்டான் என்பது அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் ஊருக்குள் புகை விடாத சிம்னிகள் நிற்பதைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேனே!

வருஷம் போன கதை இது. வண்ணத்தின் கதை அதற்கு முன்பே தொடங்கியது. முதலில் படத்தைச் செல்போன் செயலி ஒன்றிடம் கொடுத்தேன். ஒரு கொட்டாவி விடுவதற்குள் வண்ணம் அடித்துத் திருப்பித் தந்தது. எல்லாமே பழுப்பு. தண்ணீர் பழுப்பு, சுவர் பழுப்பு, அந்த ஆளின் வேட்டிகூடச் சாயந்தர டீயில் முக்கி எடுத்தது போல் இருந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் செயலிகள் லட்சக்கணக்கான வண்ணப் படங்களைப் பார்த்துப் பழகியவை. ஒரு சேலை சிவப்பாக இருக்கலாம், பச்சையாக இருக்கலாம், மாம்பழ மஞ்சளாகவும் இருக்கலாம் என்னும்போது, தப்பு அதிகம் வராமல் இருக்க எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லா நிறத்துக்கும் நடு என்பது பழுப்பு. பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற பெரியவர் தீர்ப்பு.

எனக்கு அந்தச் சமரசம் பிடிக்கவில்லை. கையாலேயே அடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். இந்த மண்ணுக்கு வண்ணம் புதிதா? தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் இருந்துதானே வந்தது? பெரும்பகுதி கருப்பு வெள்ளையில் எடுத்த 'மொகலே ஆஸம்' 2004-லும் தெலுங்கு 'மாயாபஜார்' 2010-லும் வண்ணம் பூசிக்கொண்டு மறுபடி தியேட்டருக்கு வரவில்லையா? அதற்கெல்லாம் ஒரு பட்டாளமே வேலை செய்தது என்பதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கரையோரத்து வெள்ளைத் திட்டுகள் கொக்குகள் என்று எடுத்துக்கொண்டேன். சிங்காநல்லூர்க் குளத்தில் கொக்கும் நாரையும் பார்த்து வளர்ந்த கண். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக மஞ்சள் அலகு வைத்தேன். பிறகு ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து வாங்கியபோது கொக்குகளுக்கு மடிப்பும் கரையும் தெரிந்தன. துவைத்துக் காயப்போட்ட வேட்டிகள். அலகு வைத்த வேட்டிகளை அழிப்பதற்கு, வைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

கரைமேட்டில் நீளமாகப் போகிற மங்கலை ரயில் என்று வைத்தேன். வாலாங்குளத்தின் குறுக்கே ரயில் தண்டவாளம் போகிறது. ஆகவே இது வாலாங்குளம். பெட்டிகளுக்கு நல்ல நீலம் அடித்தேன். ரயில்வேயில் கார்டாக இருந்த பெரியப்பாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீலப் பெட்டி எப்ப வந்துச்சு தெரியுமாடா உனக்கு? தொண்ணூறுகள்ல. அதுக்கு முன்னாடி நான் போன வண்டியெல்லாம் செங்கக் கலரு."

"சரிங்க பெரியப்பா, செங்கல் கலர் அடிச்சர்றனுங்க."

"அடி. அடிக்கறதுக்கு முன்னாடி என்ஜின் எங்கன்னு சொல்லு."

என்ஜின் இல்லை. இருந்தால் புகை இருக்க வேண்டும், அதுவும் இல்லை. பெரிய ஸ்கேனில் பார்த்தால் சக்கரம் தெரிகிறது, சக்கரத்துக்கு முன்னால் கொம்பு தெரிகிறது. பஞ்சுப் பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைக்குப் போகின்றன. ரயில் போனதும் வாலாங்குளமும் கூடவே போயிற்று. இது சிங்காநல்லூர்ப் பக்கம்தான் என்று பெரியப்பா அடித்துச் சொன்னார். ஆலையின் பேரையும் சொன்னார். சமையலறையில் இருந்து பெரியம்மா அதே உறுதியோடு வேறு ஆலையின் பேரைச் சொன்னார். அவர்களுக்குள் அது இன்னும் தீரவில்லை என்பதால் நான் இரண்டையும் எழுதவில்லை.

கூரைக்கு வருகிறேன். படத்தில் ஆலையின் கூரை கன்னங்கரேல் என்று இருந்தது. தார் பூசிய தகரம் என்று நினைத்து, அதற்கேற்ற கருநீலம் கொடுத்தேன். எதிர்வீட்டு அண்ணாவின் சிநேகிதர் ஒருவர், பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், அதைப் பார்த்துச் சிரித்தார். "மங்களூர் ஓடுங் தம்பி அது. செவப்பு." ஓடு எப்படி இவ்வளவு கருப்பாக இருக்கும் என்று நான் மல்லுக்கு நின்றேன்.

நிற்காமல் இருந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பிலிமுக்கு எல்லா நிறமும் ஒன்றுபோலக் கண்ணில் படாது. மிகப் பழைய பிளேட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். 1873-ல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ரசாயனப் பூச்சோடு சாயம் சேர்த்தால் பிளேட்டுக்குப் பச்சையும் தெரியத் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார். சிவப்பு உட்பட எல்லா நிறமும் பார்க்கிற பான்குரோமாட்டிக் பிளேட் 1906-ல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் பல ஸ்டுடியோக்களில் பச்சை வரைக்கும் மட்டும் தெரிகிற ஆர்த்தோ பிலிம் ஓடியது. அது சிவப்புக்குக் குருடு. அந்தக் குருட்டுத்தனம்தான் அதன் சௌகரியமும். இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்தபடியே கழுவலாம். அந்தப் பிலிமில் நீல வானம் வெளுத்துப் போகும், சிவப்பு ஓடு கருத்துப் போகும். நம் வீட்டுப் பழைய கல்யாணப் படங்களில் பாட்டிமாரின் குங்குமப் பொட்டு மைப்பொட்டு மாதிரி கருப்பாக விழுந்திருப்பதும் இதனால்தான். எத்தனை படங்களில் பார்த்திருக்கிறேன்! அந்தக் காலத்தில் கருப்புப் பொட்டுதான் வழக்கம்போல என்று ஒருமுறை ஒரு கல்யாண வீட்டில் விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அதாவது, படத்தில் இருக்கிற சாம்பல் நிறத்தைப் பார்த்து நிஜத்தில் என்ன வண்ணம் என்று ஊகிக்க முடியாது. கருப்பு சிவப்பாக இருக்கலாம், வெள்ளை நீலமாக இருக்கலாம். இதை ஆரம்பத்திலேயே படித்திருந்தால் நான் தூரிகையைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். தொட்டிருப்பேன்.

இப்போது மலை. ரம்பப்பல் கூரையில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் செங்குத்து. செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஆலைகளில் அந்தக் கண்ணாடியைப் பெரும்பாலும் வடக்குப் பார்த்துத்தான் வைப்பது. நேர்வெயில் உள்ளே விழாமல் வெளிச்சம் மட்டும் வரும். நூல் அறுவது கண்ணுக்குத் தெரியும், கூடத்தில் சூடும் ஏறாது. இதைச் சொன்னது அதே ஃபிட்டர் அண்ணா. எனக்கோ திசைகாட்டியே கையில் கிடைத்த சந்தோஷம். படத்தில் கண்ணாடிப் பக்கம் இடதுபுறம் இருக்கிறது. இடதுபுறம் வடக்கு என்றால் கேமரா பார்ப்பது கிழக்கே. கோயமுத்தூருக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? சூலூர், பல்லடம், காடுகள், கிணறுகள். மலை இல்லை. ஆகவே பின்னால் தெரிகிற மேடுபள்ளக் கோடு மலையாக இருக்க முடியாது. வேறென்ன? மேகம்!

துப்பறிந்த பெருமையோடு மலையின் ஒவ்வொரு மடிப்பையும் பஞ்சுப்பொதி போல் உப்ப வைத்தேன். அந்த வேலைக்கு ஒரு முழு ராத்திரி போனது. அப்படிப் பிறந்ததுதான் முதலில் சொன்ன 'கார்காலக் கோவை'.

அடுத்த வாரம் அக்கா மகள் வந்தாள். தையல் வகுப்புக்குப் போகிறவள். படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஏன் மாமா, இவருக்குப் பாக்கெட்டு வலது பக்கமா இருக்குது?"

அந்தக் காலத்தில் அப்படித்தான் தைப்பார்கள் கண்ணு என்றேன். யோசிக்காமலே சொன்னேன், மாமன்களுக்கு அது வரும்.

"பட்டனும் பொம்பளைங்க சட்டை மாதிரி மாறி இருக்குது. அந்தக் காலத்துல அப்படியும் தெப்பாங்களா?"

நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். எந்த ஸ்டுடியோவிலும் அவசரத்தில் நடக்கிற சங்கதி. படத்தை இடம்வலமாகத் திருப்பினேன். பாக்கெட் இடது மார்புக்கு வந்தது. கூரைக் கண்ணாடி வலதுபுறம் போனது. வலதுபுறம் வடக்கு என்றால் கேமரா பார்ப்பது மேற்கே. மேற்கே இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. நான் உப்ப வைத்த மேகங்கள், வெள்ளிங்கிரி இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக, அசையாமல் நின்றன. எனக்குச் சந்தேகம் கூரைமேல் வந்தது, மலைமேல் வந்தது. மரத்தின்மேல், ரயிலின்மேல், கொக்கின்மேல்கூட வரவேண்டியதாயிற்று. படமே பொய்ப் பக்கம் காட்டும் என்பது மட்டும் மண்டைக்கு எட்டவில்லை. அதற்குச் சட்டையைப் பார்க்கத் தெரிந்த ஒருத்தி வர வேண்டியிருந்தது.

ஆறுதலுக்கு வரலாற்றைப் புரட்டினேன். 1850-களில் மதராஸ் அரசாங்கத்துக்காகத் தஞ்சையையும் மதுரையையும் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, அதற்கு முன் பர்மாவில் எடுத்த நெகட்டிவ்களில் கையாலேயே மேகம் வரைந்திருக்கிறார். நீலத்தை மட்டும் பார்க்கிற காலம் அது. வானம் வெறும் வெள்ளையாக விழுந்து தொலையும். இல்லாத மேகத்தை அவர் வைத்தார், இருந்த மலையை நான் மேகமாக்கினேன். அவர் படங்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

மிச்சம் தண்ணீர். குளத்துத் தண்ணீருக்கு முதலில் சிறுவாணி நினைவில் தெளிந்த நீலம் கொடுத்திருந்தேன். பிறகு இன்றைய குளங்களைப் பார்த்து ஆகாயத்தாமரைப் பச்சை. இரண்டும் ஒட்டவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்த பங்காளி ஒருவர் இருக்கிறார். நிறத்தில் அவர் கண்ணுக்கு மிஞ்சி ஆள் கிடையாது. ஒரு துணிக்குச் சாயம் ஏற்றுவதென்றால், வெளிநாட்டுக்காரன் அனுப்பிய சாம்பிள் துண்டை வைத்துக்கொண்டு முதலில் சின்னதாக லேப் டிப் போடுவார்கள். அதை டியூப்லைட்டில் பார்த்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, இரண்டிலும் ஒத்துவந்தால்தான் பட்டறையில் ஏறும். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற ஷேடு இன்னொன்றில் காலை வாரிவிடும்.

என் குளத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சாம்பிள் எங்கீங்க?"

"சாம்பிள் இல்லீங்க பங்காளி. அந்தத் தண்ணிய ஆரு பாத்தா?"

"சாம்பிள் இல்லாம ஷேடு அடிச்சா அது உங்க இஷ்டம். எங்கூர்ல ஆத்துக்கே அடிச்சோம்ல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நொய்யல் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இந்த சீசனில் எந்தக் கலர் பனியன் போகிறது என்று சொல்லிவிடலாம் என்பது அந்தப் பக்கத்துப் பழைய குசும்பு. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் கடைசியில் தேங்கியது சாயக்கழிவு. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மூடச் சொன்னது. பங்காளியின் பட்டறையும் அதில் ஒன்று. என் படத்துத் தண்ணீருக்கு நிறம் கேட்க அவரிடம் போனேனே, அந்த யோசனையையும் என் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை இப்போது சாம்பலாகவே விட்டிருக்கிறேன். ஓட்டுக்கு மட்டும் சிவப்பு, ஏனென்றால் அதற்கு ஓடு வேய்ந்த ஆலையில் வேலை பார்த்த சாட்சி இருக்கிறது. மலையைத் திரும்ப மலையாக்க முயன்றேன். உப்பிய மேகத்தைத் தட்டி நிமிர்த்த முடியவில்லை. அசல் ஸ்கேனை எடுத்து முதலில் இருந்து தொடங்கினேன். அந்த ஒரு ஸ்கேனை அழிக்காமல் வைத்திருந்தது மட்டும்தான் இந்தக் காரியம் முழுவதிலும் நான் சரியாகச் செய்தது, அதுவும் எங்கே சேமித்தேன் என்று தெரியாததால் அழிக்க முடியாமல் போனது. முறைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஆள் யார் என்று சொல்ல அம்மிச்சி இல்லை. இருந்த வரைக்கும் நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். படத்துக்கு வண்ணம் அடிப்பது உங்கள் இஷ்டம், அசலைத் தொடாமல் நகலில் அடியுங்கள். அதற்கு முன்னால், எண்பது தாண்டிய ஆள் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஆள் பேர், ஊர், ஏறத்தாழ எந்த வருஷம் என்று எழுதி வைத்துவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் எழும்பும், மையும் ஊறும். அழுத்தாமல் பென்சிலில் எழுதினால் போதும்.